நம்ம ஊர் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?
(நம் குடியிருப்போர் நலச் சங்கப் பொங்கல் விழாவில் பேசியது)

 

கோலப் போட்டிப் பரிசளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சமையல் வாசனை வருவதற்குள் முடித்துவிடுகிறேன். பேசியதை அப்படியே எழுதித் தரும்படி செய்திமடல் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அதனால் கீழே அமர்ந்து கேட்டவர்களும், வெளியூர் போயிருந்து இப்போது படிப்பவர்களும் எனக்கு ஒன்றுதான்.

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். இன்று சூரியப் பொங்கல். சூரியன் இன்று நம் பெருமாநல்லூரில் சரியாக உச்சிக்கு வந்தது எத்தனை மணிக்கு? மேடைக்கு வருமுன் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒன்பது பேர் பன்னிரண்டு என்றார்கள். பத்தாவது ஆள் எங்கள் பிளாக் ஏழாம் வகுப்புப் பையன். "தாத்தா, நீங்க கேக்கறீங்கன்னா பன்னெண்டா இருக்காது" என்றான். அவனுக்குத்தான் மார்க். இன்று உச்சி வந்தது 12 மணி 30 நிமிடத்துக்கு. பி பிளாக் மொட்டை மாடியில் நானும் நான்கைந்து பிள்ளைகளும் நின்று பார்த்துவிட்டுத்தான் பொங்கல் சாப்பிடப் போனோம்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, முப்பத்தெட்டு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு, செலவு, இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏன் என்று தேடுவது. இந்த உச்சிப்பொழுது விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். தேட வைத்தது இரண்டு சம்பவங்கள். ஒன்றை இப்போது சொல்கிறேன். மற்றதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் நானும் வீட்டுக்காரியும் புதுச்சேரி போயிருந்தோம். அங்கே பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில் ஆள் உயரத்துக்கு ஒரு கடிகாரம் நின்றிருந்தது. மேலே முகம், நடுவே இடுப்பு பெருத்த மரப்பெட்டி, உள்ளே பெரிய பித்தளை ஊசல். பிரான்சின் கிழக்கே ஃபிரான்ஷ்-கோந்த்தே என்ற மலைப்பகுதியில் செய்தது, அதனால் கோந்த்துவாஸ் கடிகாரம் என்று பெயர் என்றார் கடைக்காரர். நாங்கள் நின்றிருந்தபோதே பதினொன்று அடித்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் பதினொன்று அடித்தது. "ரிப்பேரா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "இல்லை சார், இந்த வகைக் கடிகாரமே அப்படித்தான். முதல் தடவை எண்ணத் தவறியவர்கள் இரண்டாம் தடவை எண்ணிக்கொள்ளலாம்." எனக்கு உடனே பிடித்துப்போனது. பணக்கட்டை இரண்டு முறை எண்ணாமல் எந்தக் கேஷியராவது கையெழுத்துப் போடுவாரா?

வாங்கும் விலையில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, அந்த நெட்டைக் கடிகாரத்தின் கதை பாதிதான், மீதிக் கதை சூரியனுடையது என்று.

ஊசல் கடிகாரத்தை 1656இல் உருவாக்கியவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர். பிறகு பல வருடம் பாரிஸில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இருந்தவர். அதற்கு முன் இருந்த கடிகாரங்கள் நாளைக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடும். ஊசல் வந்த பிறகு அந்தத் தவறு நாளைக்குக் கால் நிமிட அளவுக்குச் சுருங்கியது. ஒரு வினாடிக்கு ஒருமுறை 'டிக்' சொல்ல வேண்டுமானால் ஊசலின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்க வேண்டும். அந்த ஒரு மீட்டர் ஊசலும், மெல்லக் கீழே இறங்கும் எடைகளும் அடங்க வேண்டும் என்பதால்தான் கடிகாரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அழகுக்காக நெட்டையாகச் செய்ததல்ல.

கடிகாரம் இப்படித் துல்லியமாக ஆனதும் ஒரு பழைய சங்கடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதுவரை ஐரோப்பாவிலும் கடிகாரத்தைச் சரி பார்ப்பது சூரிய நிழலை வைத்துத்தான். நல்ல கடிகாரம் வந்த பிறகு நிழலும் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. ஒரு மாதம் கடிகாரம் முந்துகிறது, இன்னொரு மாதம் நிழல் முந்துகிறது. கடிகாரத்தைப் பழுது பார்த்தாலும் மாறவில்லை. வித்தியாசம் சூரியனின் பக்கம் இருந்தது. வானியல் கணக்கர்களுக்கு இது முன்பே தெரியும். இப்போது வீட்டுக் கூடத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது.

இங்கேதான் எனக்கு பி.காம். கைகொடுத்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் நினைவிருக்கும். நம் பனியன் கம்பெனிக் கணக்காளர்கள் மாதாமாதம் போடுவதுதான். கம்பெனி கேஷ் புக்கில் ஒரு இருப்பு, வங்கி பாஸ் புக்கில் வேறொரு இருப்பு. இரண்டு பேரும் திருடவில்லை, இரண்டு புத்தகமும் சரி. கொடுத்த செக் இன்னும் வங்கிக்கு வந்திருக்காது, வங்கி எடுத்த கமிஷனைக் கம்பெனி எழுதியிருக்காது. அந்த இனங்களை வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒத்துவிடும். சூரியன் ஒரு புத்தகம், கடிகாரம் ஒரு புத்தகம். நடுவே எழுத வேண்டிய இனங்கள் இரண்டு.

முதல் இனம், இடம். நம் கடிகாரம் காட்டுவது இந்தியத் திட்ட நேரம். அது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். அந்த ரேகை உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிறது. நம் பெருமாநல்லூர் இருப்பது ஏறக்குறைய 77.35 பாகையில், அதற்கு மேற்கே. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். 5.15 பாகைக்கு 20 நிமிடம் 36 வினாடி. ஆகவே அந்த ரேகையில் உச்சிக்கு வந்த சூரியன் நம்மிடம் வந்து சேர இருபதரை நிமிடம் கூடுதலாகும். இது வருடம் முழுக்க மாறாத இனம், மாதாந்திர பராமரிப்புக் கட்டணம் மாதிரி.

இந்த 82½ பாகை வந்தது 1906 ஜனவரி 1இல். அதற்கு முன் நாடு முழுக்க ரயில்கள் ஓடியது நம் சென்னை நேரத்தில். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் கட்டியது. மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் முயற்சி அது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றைக்கும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதன்படி கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது சென்னை நேரம். 1906இல் அது ஐந்தரை மணி என்று முழுமையாக்கப்பட்டது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் சொந்த நேரத்தையும் விடாமல் வைத்திருந்தன. ஊர் நேரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் எளிதில் மனம் வரவில்லை.

இரண்டாவது இனம், பருவம். இதுதான் மாறிக்கொண்டே இருப்பது. இதற்கு இரண்டு காரணம். பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. அருகே இருக்கும்போது வேகமாக நகர்கிறது, தள்ளி இருக்கும்போது மெதுவாக. பூமி ஒரு சுற்றுச் சுழன்று முடிப்பதற்குள் தன் பாதையிலும் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. அதனால் சூரியனை மறுபடி நேராகப் பார்க்க இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும். வேகமாகப் போகும் மாதங்களில் அந்தக் 'கொஞ்சம்' கூடுகிறது.

மற்றக் காரணம், பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. சூரியனின் வருடப் பாதை நேர் கிழக்காகப் போகாமல் சாய்வாகப் போகிறது. டிசம்பரிலும் ஜூனிலும் அதன் நகர்ச்சி முழுக்கக் கிழக்கு நோக்கி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நகர்ச்சியின் ஒரு பங்கு வடக்கு தெற்காகப் போய்விடுவதால், கிழக்குப் பங்கு குறைகிறது.

இரண்டும் சேர்ந்து என்ன ஆகிறது? டிசம்பர் கடைசியில் ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 24 மணி நேரமும் 30 வினாடியும் ஆகிறது. செப்டம்பர் நடுவில் 24 மணி நேரத்துக்கு 21 வினாடி குறைவு. அரை நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது. தினப்படி வட்டி எப்படி ஏறும் என்று எங்களுக்குத் தெரியும். டிசம்பர் 25இல் இந்த இனத்தின் இருப்பு பூஜ்யம். அங்கிருந்து நாளுக்கு அரை நிமிடம், பிறகு கால் நிமிடம் என்று சேர்ந்துகொண்டே போய், ஒரு மண்டலம், அதாவது சரியாக 48 நாள் கழித்து, பிப்ரவரி 11இல் 14 நிமிடத்தில் வந்து நிற்கிறது. அதன்பின் இறங்க ஆரம்பிக்கும். நவம்பர் 3 வாக்கில் எதிர்ப்பக்கத்தில் 16 நிமிடம் 26 வினாடி.

இதைச் சரிக்கட்டப் பழைய காலத்தில் கடிகாரப் பெட்டிக் கதவின் உட்புறம் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். இந்த நாளில் நிழல் நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டு, இந்த நாளில் கழி என்று. பாரிஸ் கடிகாரக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கடிகாரத்துக்குள் அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு பித்தளைத் தகடு. அது வருடத்துக்கு ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு சின்ன நெம்புகோல் உரசிக்கொண்டே இருக்கும். விளிம்பு மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது இன்னொரு நிமிட முள்ளை முன்னே பின்னே தள்ளும். அந்த முள்ளில் ஒரு சூரிய முகம் இருக்கும். ஒரு முள் கடிகார நேரம், ஒரு முள் சூரிய நேரம். ஃபெர்டினான்ட் பெர்த்தூ போன்றவர்கள் இப்படிப்பட்ட கடிகாரங்களைச் செய்தார்கள். ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்டைப் பித்தளையில் வெட்டிக் கடிகாரத்துக்குள் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

பாரிஸ் நகரப் பொதுக் கடிகாரங்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சூரிய நேரத்தில்தான் ஓடின. சராசரிக் கடிகார நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்றபோது அந்நகர நிர்வாகத் தலைவர் பயந்தாராம். சூரியனோடு ஒத்துவராத நண்பகலைத் தொழிலாளர்கள் ஏற்பார்களா, கலகம் வருமா என்று. கலகம் எதுவும் வரவில்லை, மாறியதையே பலர் கவனிக்கவில்லை என்று அராகோ என்ற வானியலாளர் எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து நிழல் புத்தகம் அலமாரிக்குப் போனது, கடிகாரப் புத்தகம் மட்டும் மேசையில் இருக்கிறது.

பிரான்சுக்கும் நம் கரைக்கும் இதில் ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க 1760இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வருவதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. கடந்ததைக் கண்ணால் பார்த்தும் துல்லியமாக நேரம் குறிக்க முடியவில்லை. நேரம் இல்லாத பதிவு, தேதி இல்லாத செக் மாதிரி, உதவாது. அடுத்த கடப்பு 1769இல். அவர் ஊர் திரும்பவில்லை, எட்டு வருடம் இந்தப் பக்கமே காத்திருந்தார். புதுச்சேரியில் ஆய்வகம் அமைத்தார். அந்த ஜூன் காலை வந்தது. மேகம் மூடிவிட்டது. கடப்பு முடிந்த பிறகுதான் வெயில் அடித்தது. 1771இல் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, சொத்தைப் பிரித்துக்கொள்ள உறவினர் முனைந்திருந்தார்கள்.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. இங்கே தமிழர்கள் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாட்டை வைத்துக் கிரகணம் கணிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொல்லியிருந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 வினாடி அதிகமாகச் சொல்லியிருந்தது. கடிகாரம் இல்லாத கணக்கு என்பதற்காக அது கணக்கே இல்லை என்று ஆகிவிடாது. லெ ஜான்தீ அதை மறைக்காமல் பதிவு செய்தார்.

அதே 1769 கடப்பைத் தஹிதித் தீவில் பார்த்தவர் கேப்டன் குக். அவரிடம் இருந்தது லண்டன் ஜான் ஷெல்டன் செய்த நெட்டை ஊசல் கடிகாரம். அதே ஷெல்டன் செய்த ஒரு கடிகாரம் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, பின்னால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போனது. இங்கிருந்து கொடைக்கானல் ஒரு நாள் பயணம்தான். அடுத்த முறை போனால் படகுச் சவாரியோடு திரும்பிவிடாமல் ஆய்வகத்தையும் எட்டிப் பாருங்கள்.

சரி, நம் மாடிக்கு வருவோம். படித்ததை நம்பிக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. வவுச்சர் வேண்டும். அதனால் சங்கத்தின் அனுமதியோடு போன வருடம் பி பிளாக் மாடியில் ஒரு இரும்புக் குழாயைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டேன். வடக்கு தெற்கு பார்க்கச் செல்போன் திசைகாட்டியை நம்பவில்லை, சுற்றிலும் இரும்புக் கம்பி இருப்பதால் அது தடுமாறும். சூரிய சித்தாந்தத்தில் சொல்லியிருக்கும் சங்கு முறையைச் செய்தேன். குழாயை மையமாக வைத்துச் சாக்பீஸால் ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி, மதியம் வட்டத்தைத் தொட்டு வெளியே போகும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியையும் குழாயையும் சேர்த்தால் வடக்கு தெற்கு. அந்தக் கோட்டின் மேல் நிழல் விழும் கணம்தான் நம் ஊரின் உண்மையான உச்சி. அரை நிமிடம் முன்னே பின்னே பிசகாமல் பார்க்கலாம்.

மேகம் இல்லாத நாட்களில் மாடி ஏறிச் செல்போன் நேரத்தை எழுதி வந்தேன். நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். பிப்ரவரி 11, 12:35. ஏப்ரல் 15, 12:20. மே நடுவில் 12:17. ஜூலை கடைசியில் 12:27. செப்டம்பர் 1, மறுபடி 12:20. நவம்பர் 3, 12:04. டிசம்பர் 25, 12:20. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து குழாய்க்கு நிழலே இல்லாமல் போகும். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டிய நாட்கள் அவை. ஒரு நாள்கூட 12:00 வரவில்லை, நம் ஊரில் வரவும் வராது.

இதனால் உங்களுக்கு என்ன? காலை நடைக்குப் போகும் நண்பர்கள் ஒரு சந்தேகம் கேட்பதுண்டு. டிசம்பர் 21க்குப் பிறகு பகல் நீள்கிறது என்கிறார்கள், ஆனால் ஜனவரியில் காலை ஏன் இன்னும் இருட்டாகவே போகிறது என்று. காரணம் இதுதான். பகல் நீண்டாலும் உச்சியே தினமும் தள்ளிப் போவதால், சூரிய உதயமும் ஜனவரி கடைசி வாரம் வரை தள்ளிக்கொண்டே போகிறது. அதுவரை டார்ச் கொண்டு போங்கள். மாடியில் சோலார் தகடு வைத்திருப்பவர்கள் பிப்ரவரியில் 12 மணிக்குத்தான் உச்ச உற்பத்தி என்று பார்த்து ஏமாற வேண்டாம், அரை மணி பொறுத்துப் பாருங்கள்.

கடைசியில் சொல்வதாகச் சொன்ன சம்பவத்துக்கு வருகிறேன்.

1983. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், இந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். அப்போது வேலை நாளில் பணம் வாங்குவது பத்து மணி முதல் இரண்டு மணி வரை. பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. இரண்டேகாலுக்கு ஒரு விவசாயி மூச்சிரைக்க வந்தார். அறுபது வயது இருக்கும். வேட்டி முடிச்சில் பணம், கையில் நகைக்கடன் ரசீது. மறுநாள் காலை மகளுக்கு நிச்சயதார்த்தம், தீபாவளிக்கு முன்னால் அடகு வைத்த சங்கிலியை மீட்க வந்திருந்தார்.

"மணி ரெண்டேகால் ஆச்சுங்க. கேஷ் டாலி பண்ணிக் கட்டியாச்சு. நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குழம்பிப்போய் நின்றார். "ஏனுங்க தம்பி, அடகு வெக்க வந்தன்னைக்கும் இதே நெழலுக்குத்தானுங்க பொறப்பட்டேன். எங்க கெணத்து மேட்டுக் கல்லு நெழலு நேரா வாய்க்கா மேல விழுகும். அப்பக் கெளம்புனா அதே நடை, அதே பஸ்ஸு. அன்னைக்கு ரெண்டு அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து, நீங்கதானுங்க வாங்குனீங்க. இன்னைக்கு மட்டும் எப்படீங்க நேரமாகும்?"

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சுவரில் கடிகாரம் இருந்தது. அதைக் காட்டினேன். "நெழலெல்லாம் சரியா இருக்காதுங்க பெரியவரே. கடிகாரம் பொய் சொல்லாது" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ரசீதை மடித்து முடிச்சில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை, நிச்சயதார்த்தம் அல்லவா? சனிக்கிழமை வந்து, இரண்டு நாள் வட்டி சேர்த்துக் கட்டி, சங்கிலியை வாங்கிக்கொண்டார். பொண்ணு பக்கத்து வீட்டுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்ததாக, நான் கேட்காமலேயே சொன்னார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

போன வருடம் மாடியில் நோட்டு எழுதிக்கொண்டு வந்தபோது நவம்பர் 3க்கும் பிப்ரவரி 11க்கும் நேராக இருந்த இரண்டு எண்களைப் பார்த்தேன். 12:04, 12:35. அப்போதுதான் அவர் நினைவு வந்தது. அவர் அடகு வைத்தது நவம்பர் முதல் வாரம். மீட்க வந்தது பிப்ரவரி இரண்டாம் வாரம். வருடத்திலேயே நிழலும் கடிகாரமும் மிக அதிகமாக விலகி நிற்கும் இரண்டு முனைகள் அவை. வித்தியாசம் 31 நிமிடம், ஒரு நாழிகைக்கும் மேலே. அவர் உச்சிக்குக் கிளம்பி வந்துசேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்று வையுங்கள். நவம்பரில் 1:44க்கு கவுண்டரில் நிற்பார். பிப்ரவரியில் 2:15. நான் சுவர்க் கடிகாரத்தில் பார்த்த அதே 2:15.

இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு வாரங்களிலும் சூரியன் தெற்கே ஏறக்குறைய ஒரே அளவு சாய்ந்திருக்கும். அதனால் உச்சி நிழலின் திசை மட்டுமல்ல, நீளமும் அநேகமாக ஒன்றேதான். 'இதே நெழலு' என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சு அல்ல. வாய்க்கால் மேல் விழுந்த நிழல் விரல்கடை அளவுக்கு அதே நிழல். அவர் தாமதமாக வரவில்லை. அவர் புத்தகப்படி சரியான நேரத்துக்குத்தான் வந்தார். என் புத்தகப்படி நானும் சரி. நடுவில் எழுத வேண்டிய இனத்தை எழுதத் தெரியாதவன், பி.காம். படித்த நான்தான்.

விதிப்படி அன்று பணம் வாங்கியிருக்க முடியாது என்பது வேறு விஷயம். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆனால் என்னை உறுத்துவது அதைவிட அந்தச் சிரிப்புத்தான். கேஷ் புக்கும் பாஸ் புக்கும் ஒத்துவராதபோது எந்த வாடிக்கையாளரையும் நான் பொய்யர் என்று சொன்னதில்லை. உட்கார்ந்து இனம் தேடியிருக்கிறேன். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் நிழல் கணக்கோடு வந்தபோது மட்டும் தேடவில்லை.

அவர் இன்று இருக்க வாய்ப்பில்லை. அந்தப் பெண்ணுக்கும் இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். போய்ச் சொல்ல ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

பிப்ரவரி 11 அன்று பி பிளாக் மொட்டை மாடிக்கு வாருங்கள். 12:25க்கே வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால் பெரியவர்கள் மட்டுமாவது வாருங்கள். செல்போனில் பன்னிரண்டரை தாண்டியிருக்கும், நிழல் இன்னும் கோட்டுக்கு வந்திருக்காது. 12:35க்கு வந்து சேரும். தலைக்குத் தொப்பி அவசியம், நீர்மோருக்கு நான் பொறுப்பு.